ஒன்பதாவது வீட்டு அளவு

எண்பத்தொம்பதுங்க. ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கலாம், அதுக்கு மேல தப்பாது. இப்ப நம்ம டிரைவர் அடிச்சாரே ஒரு ஹாரன், அதைச் சொன்னேன். நீங்க காதைப் பொத்துனீங்கல்ல, அதான் வாய் கம்முனு இருக்காம சொல்லிருச்சு. அந்தக் கண்ணாடியை இப்படி இழுத்து விடுங்க. ம், இப்ப ஒரு ஆறு கொறஞ்சிருக்கும்.

ஜோசியமெல்லாம் இல்லீங்ணா. தொழிலே அதுதான். சத்தம் அளக்கறது. சிரிக்காதீங்க, மாசச் சம்பளம் வாங்கற உத்தியோகம்தான். பொண்ணு பாக்கப் போனப்ப மாப்பிள்ளைக்கு என்ன சோலின்னு கேட்டாங்க. சத்தம் அளக்கறேன்னேன். அவிய மைக்செட்டுக்காரன்னு நெனச்சுட்டாங்க. கல்யாணத்துக்கு செட்டு நம்மளதுதானேன்னு மாமனார் கேட்டாரு. பதினாறு வருசமாச்சு, இன்னமும் ஊட்டுல அந்தப் பேச்சு போகல.

என்ற பேரு நாச்சிமுத்து. நீங்க பழனியா? நானு நல்லிமேட்டுல எறங்கிருவேன், அக்கா ஊடு அங்கதான். இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குது.

ரோட்டுச் சத்தத்தை எதுக்கு அளக்கறதுன்னு கேக்கறீங்க. நல்லாக் கேளுங்க. ஒரு ரோட்டை அகலம் பண்றதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல ஒரு கணக்குப் போட்டுருவாங்க. மணிக்கு இத்தனை லாரி வரும், இத்தனை பஸ்சு, இத்தனை காரு, இந்த வேகம், ஊடு ரோட்டுல இருந்து இத்தனை மீட்டர். அப்படின்னா இந்த ஊட்டு வாசல்ல இவ்வளவு சத்தம் இருக்கும்னு முன்கூட்டியே எழுதி வெச்சிருவாங்க. ஜாதகம் கணிக்கற மாதிரிதானுங்க. ரோடு முடிஞ்சு வண்டி ஓட ஆரம்பிச்ச பொறவு, கணிச்சது பலிச்சுதா இல்லையான்னு நேர்ல போயி அளந்து பாக்கோணும். கணக்குக்கும் அளவுக்கும் மூணு டெசிபலுக்குள்ள வித்தியாசம் இருந்தா கணக்கு சரி. அதுக்கு மேல போச்சுன்னா அளவை எடுத்துக்குவாங்க, கணக்கை விட்டுருவாங்க. அந்த நேர்ல போற ஆளு நானு.

மூணு கால் ஸ்டாண்டு ஒண்ணு, அது மேல மெஷினு, மெஷினு மூக்குல மைக்கு, மைக்குக்குக் காத்து படாம இருக்கறதுக்கு கறுப்பா ஒரு பஞ்சு உருண்டை. நெஞ்சு உசரத்துல நிறுத்தி, ஒரு மணி நேரம் ஓட விடோணும். சத்தத்தை எண்ணாக் காட்டறது மட்டுமில்லீங்க, பதிவும் பண்ணிக்கும். பின்னால சந்தேகம் வந்தாப் போட்டுக் கேக்கறதுக்கு. பாக்கறவிய எல்லாம் போட்டோ எடுக்கறாங்கன்னு நெனச்சு சீவிச் சிங்காரிச்சுட்டு வந்து நிப்பாங்க. ஒருத்தரு மாட்டையும் புடிச்சுட்டு வந்து நின்னாரு, நட்ட ஈடு குடுக்கறதுக்குப் படம் புடிக்கறம்னு.

இந்த ரோடு இருக்குதுல்ல, இப்ப நம்ம போய்க்கிட்டு இருக்கற இதே ரோடுதான். இதைத்தான் அளந்தேன், மூணு வருசத்துக்கு முந்தி. நாலு வழியாக்கி ஆறு மாசம் ஆயிருந்துது. நல்லிமேட்டு வளைவுல ஒம்பது ஊடு ரோட்டை ஒட்டி இருக்குது. அந்த ஒம்பது வாசல்லயும் அளக்கோணும். வாசல்ல அறுபத்தெட்டைத் தாண்டுச்சுன்னா ஊட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல சத்தம் தடுக்கற சுவர் கட்டிக் குடுக்கோணும்னு அந்த வேலைக்குப் போட்ட ஒப்பந்தத்துல இருந்துது. தாண்டலைன்னா இல்ல. ரோட்டு வேலையை மேப்பார்வை பாத்த கம்பெனி எங்களுது. பேரு வேண்டாம் விடுங்க, இன்னும் அங்கதான் சோறு திங்கறேன்.

ஒம்பதாவது ஊடு எங்க அக்காளோடது.

ஆமாங்க. அதை நானு ஆபீசுல சொல்லல. சொல்லியிருந்தா வேற ஆளைப் போடுவாங்க. வேற ஆளுன்னா யாரு? எங்க ஆபீசுல இன்னொருத்தன் இருக்கறான். மெஷினை நட்டு வெச்சுட்டு மரத்தடியில போயிப் படுத்துக்குவான். அவன் அளந்தா அது அளவாங்க? எனக்கு அது மனசுக்கு ஒத்துக்கல. சொந்தக்காரன் அளக்கக் கூடாதுன்னு நெனைக்கறாங்களே, சொந்தக்காரன் ஒழுங்கா அளந்தா என்ன கெட்டுப் போச்சு? நானு அப்படிப்பட்ட ஆளு இல்ல.

அக்காளைப் பத்திச் சொல்லோணும். பேரு மயிலாத்தா. என்னை விட நாலு வயசு மூப்பு. மச்சான் தவறிப் போயிப் பதிமூணு வருசம் ஆச்சு. ஒரே புள்ளை, தாரணி. அப்ப அவளுக்குப் பதினாறு இருக்கும். புள்ளைக்குப் பொறந்ததுல இருந்தே பேச்சு வராது. ஆளு தாட்டியமா இருப்பா, நல்ல செவப்பு, எங்க அம்மா ஜாடை. மூளையில ஏதோ கூடக் கொறையன்னு கோயமுத்தூர் டாக்டரு சொன்னாரு. அவ பாட்டுக்கு இருப்பாங்க. புளியங்கொட்டையை வரிசையா அடுக்குவா, கலைப்பா, திருப்பி அடுக்குவா. எதுக்கும் தொந்தரவு இல்ல. சத்தம் மட்டும் ஆகாது.

எல்லாச் சத்தமும் இல்லீங்க. லாரி ஓடற சத்தம், மழைச் சத்தம், மிக்சி, அதெல்லாம் பொறுத்துக்குவா. ஹாரன்தான். ஹாரன் அடிச்சாப் போச்சு. மூச்சை ஒருக்கா உள்ளுக்கு இழுத்து அப்படியே கத்துவா. கத்திக்கிட்டே தலையைச் சுவத்துல முட்டுவா. பழைய ரோடா இருந்தப்ப நாளைக்கு நாலு ஹாரனோ அஞ்சு ஹாரனோ. அக்கா ஒரு பழைய துண்டை மடிச்சு காதோட சேத்துக் கட்டி உட்டுரும், புள்ளை சமாளிச்சுக்கும். நாலு வழி ஆன பொறவு எந்த வண்டிக்காரன் சும்மா போறான்? அந்த வளைவுல திரும்பறப்ப எல்லாம் அமுத்துறான். துண்டு ரெண்டாச்சு, மூணாச்சு. ஊடெல்லாம் பழைய சேலையைச் சுவத்துல ஆணியடிச்சுத் தொங்க விட்டுச்சு அக்கா, முட்டுனா அடி படக்கூடாதுன்னு.

அதனால சுவர் வருதுன்னு தெரிஞ்சதும் அக்காளுக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. அளக்கப் போறது சொந்தத் தம்பி வேற.

அளக்கறதுக்கு முந்தின நாளு ஷைலஜா மேடம் என்னைக் கூப்புட்டாங்க. எங்க இஞ்சினியரு. சின்ன வயசுதான், நல்ல படிப்பு, மரியாதையாப் பேசுவாங்க. "நாச்சிமுத்து, ஒரு விஷயம். நம்ம கணக்குல ஹாரன் கிடையாது. ஃபார்முலாவே ஹாரன் அடிக்காத ஊர்ல எழுதினது. வண்டி ஓடற சத்தத்தை மட்டும்தான் அது கணிக்கும். ஒப்பிடணும்னா ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அதனால ஹாரன் வந்தா நிறுத்தற பட்டனை அழுத்துங்க, முடிஞ்சதும் விடுங்க. நாய் குரைச்சாலும், கோயில் மைக்கு கேட்டாலும், மனுஷங்க சத்தம் போட்டாலும் அதே மாதிரி" அப்படின்னாங்க.

நியாயந்தானுங்களே? அரிசியை அளக்கறப்ப கல்லையும் சேத்தா அளப்பீங்க? பட்டனை அமுத்துனா மெஷினு நின்னுக்கும். எண்ணும் ஏறாது, பதிவும் ஆகாது. விட்டா விட்ட எடத்துல இருந்து ஓடும்.

மொத ரெண்டு நாள்ல எட்டு ஊடு முடிச்சேன். நல்ல சனங்க. ஒரு ஊட்டுல எளநி வெட்டிக் குடுத்தாங்க. ஒரு ஊட்டுல என்ற பங்காளியோட மாமியார் ஊரு அவியளுக்கு, அந்தப் பேச்சே முக்கா மணி நேரம் ஓடுச்சு. ஒரு பெரியவரு பேரனுக்கு வேலை கேட்டாரு. இந்த ரோதனைக்கு நடுவுல ஒவ்வொரு ஹாரனுக்கும் பட்டன் அமுத்த முடியுமா? முடிஞ்ச வரைக்கும் அமுத்துனேன். எட்டு ஊட்டுக்கும் சேத்து ஒரு நாப்பது தடவை இருக்கும். எளநியை ஒரு கையில வெச்சுக்கிட்டு மத்தக் கையில எத்தனைன்னு அமுத்தறது? மனுசன்தானுங்களே நானும்.

ஒம்பதாவது ஊடு அப்படி இல்லீங்க.

மூணாவது நாள் காத்தால பத்து மணிக்கு அக்கா வாசல்ல ஸ்டாண்டைப் போட்டேன். அக்கா வாசலைக் கூட்டி, சாணி போட்டு, கோலம் போட்டு வெச்சிருந்துது. எனக்குச் சிரிப்பு வந்துது. "ஏங்க்கா, மெஷினுக்கா கோலம்?"னேன். "இருக்கட்டும்டா, நல்ல காரியந்தானே"ன்னுச்சு. காப்பி கொண்டாந்துது. வேண்டாம்னுட்டேன். பச்சைத் தண்ணி பல்லுல படல அன்னிக்கு. ஏன்னா என்ற மனசுல ஒண்ணே ஒண்ணுதான் ஓடுச்சு. அக்கா ஊடுங்கறதுக்காக நாச்சிமுத்து ஒரு டெசிபல் கூட்டிப் போட்டுட்டான்னு நாளைக்கு எவனும் வெரல் நீட்டிப் பேசிரக் கூடாது. அது மட்டும் நடக்கக் கூடாது. மத்த ஊட்டுல ஒண்ணு ரெண்டு விட்டுப் போனா யாரும் கேக்க மாட்டாங்க. இங்க விட்டுப் போச்சுன்னா அது களவு.

கட்டை வெரலைப் பட்டன் மேல வெச்சேன். வெச்ச வெரலை ஒரு மணி நேரம் எடுக்கலீங்க. கண்ணு ரோட்டு மேலயே. வண்டிக்காரன் கை ஹாரனுக்குப் போறதைப் பாத்தே அமுத்திருவேன். நூத்தி நாப்பத்தி மூணு தடவை. மெஷினே எண்ணிச் சொல்லும். அப்படி ஒரு அளவு அதுக்கு முந்தியும் எடுத்ததில்ல, பொறவும் எடுக்கல.

புள்ளை உள்ளார கத்திக்கிட்டு இருந்துது. அதைச் சொல்ல விட்டுட்டேன். அன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே கத்துனா. ஜன்னல் வேற தொறந்து கெடந்துது. அதுவும் வண்டிச் சத்தம் இல்லீங்களே. மேடம் சொன்ன மாதிரி அதுக்கும் அமுத்துனேன். ஹாரனு, அமுத்தறது. புள்ளை, அமுத்தறது. அக்கா ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு என்ற வெரலையே பாத்துக்கிட்டு நின்னுது. பேசிறாதக்கா, மைக்குல விழும்னு சொல்லியிருந்தேன். அது உசுரு இருக்கற மாதிரியே நிக்கல, அப்படி நின்னுது.

முடிஞ்சதும் எண்ணைப் பாத்தேன். அறுபத்தேழு புள்ளி ஒண்ணு. கம்ப்யூட்டர் கணிச்சது அறுபத்தாறு புள்ளி ஒம்பது.

நீங்க இந்தத் தொழில்ல இருந்தா உங்களுக்குத் தெரியும், அந்தச் சந்தோஷம். புள்ளி ரெண்டுதான் வித்தியாசம்! எவனுக்கும் வாய்க்காதுங்க. மத்த எட்டு ஊடும் கணக்கை விட நாலு, அஞ்சு கூட வந்துது. எழுபத்தொண்ணு, எழுபத்திரெண்டுன்னு. மேடம் பாத்துட்டு, "மத்ததெல்லாம் எங்கயோ போகுது, இது ஒண்ணுதான் சுத்தமான அளவு. எப்படி எடுத்தீங்க?"ன்னாங்க. கோயமுத்தூர்ல பெரிய மீட்டிங்கு நடந்துது. அதுல அக்கா வாசலைப் படமாப் போட்டு, பக்கத்துல கோடு கிழிச்சு, கணக்கும் அளவும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கெடக்குது பாருங்கன்னு காட்டுனாங்களாம். கோலங்கூடத் தெரிஞ்சுதாம் அந்தப் படத்துல.

எட்டு ஊடு அறுபத்தெட்டைத் தாண்டுச்சு. சுவர் வந்துது. ஒம்பதாவது தாண்டல.

நீங்க போற வழியில பாப்பீங்க, பச்சை அடிச்ச சுவரு, ஆள் உசரத்துக்கு ரெண்டு பங்கு. எட்டாவது ஊட்டோட முடிஞ்சு போயிரும். அதுக்கு அக்கட்ட நாப்பது அடியில ஓட்டு ஊடு ஒண்ணு தெரியும்.

என்ன இப்படிப் பாக்கறீங்க? அந்த மரத்தடியில படுக்கறவன் போயிருந்தா எழுபத்திரெண்டுன்னுதான் காட்டியிருக்கும், சுவரும் வந்திருக்கும். எனக்குத் தெரியாதுங்களா? தெரியும். ஆனா அது அளவா? நீங்களே சொல்லுங்க. அளவுன்னா அளவு. அக்காளுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா?

அக்கா சண்டைக்கு வரலீங்க. சுவர் வேலை நின்ன அன்னிக்குப் போன் பண்ணி, "நாச்சி, நம்முளுக்கு எப்ப வருவாங்க?"ன்னு கேட்டுச்சு. நானு எண்ணைச் சொல்லி வெளக்குனேன். அறுபத்தெட்டுக்கு ஒண்ணு கம்மிக்கா, நெலமை உன்னுது பரவால்லக்கான்னேன். "மறுக்கா ஒருக்கா அளந்து பாக்கலாமாடா?"ன்னுச்சு. முடியாதுன்னுட்டேன். மறுக்கா அளந்தா, ஏன் மத்த எட்டும் அப்படி, இது இப்படின்னு கேள்வி வரும். கேள்வி வந்தா அந்த எட்டு ஊட்டுச் சுவரும் போயிரும். அங்கயும் கொழந்தைக இருக்குதுங்களே. அது மட்டுமில்ல, அப்படி எழுதிக் குடுத்தா என்ற வேலை என்னாகும்? அதையும் நெனச்சேன். பொய் சொல்லக் கூடாது, நெனச்சேன்.

இன்னொண்ணு யாரும் எதிர்பாக்கல. சுவரு முடியற எடத்துல எதுக்கால வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியறதில்ல. அதனால எல்லா வண்டியும் அந்த முக்குல வந்துதான் ஹாரனை அமுத்தும். முந்தி வளைவு நெடுக அங்கொண்ணு இங்கொண்ணா அடிச்சதெல்லாம் இப்ப அக்கா வாசலுக்கு நேரா வந்து விழுகுது. கணக்குல இதெல்லாம் வராதுங்க.

எட்டு மாசம் தாங்குச்சு புள்ளை. ஒரு நாளு பகல்ல முட்டுன முட்டுல நெத்தி கிழிஞ்சு பதினோரு தையல். ரெண்டாவது தடவை கண்ணுக்குக் கிட்டத்துல. டாக்டரு, இனி இந்த ஊட்டுல வெச்சுப் பாக்கறது ஆபத்துன்னுட்டாரு. ஊடு மாறலாம்னா, வெவசாயக் காடு அங்க இருக்குது, ரெண்டு எருமை இருக்குது, அக்கா எங்க போகும்? என்ற ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துரலாமான்னு ஒருக்கா நெனச்சேன். எங்களுது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. அங்க எண்பதுக்குக் கொறையாது.

புள்ளைக்குக் காப்பகம் பாத்ததும் நாந்தானுங்க. ஒட்டன்சத்திரத்துக்கு மேக்கால, மலையடிவாரத்துல. நல்ல எடம், சுத்தமா வெச்சிருக்காங்க. சேக்கறதுக்கு முந்தி நானே மெஷினைக் கொண்டு போயி ஒரு மணி நேரம் வெச்சுப் பாத்தேன். முப்பத்தெட்டு! இந்தக் காலத்துல முப்பத்தெட்டு எங்கீங்க கெடைக்குது? குருவி கத்துனதுகூட மெஷின்ல தெளிவா ஏறுச்சு. அக்காளுக்குப் போன் போட்டு, முப்பத்தெட்டுக்கா முப்பத்தெட்டுன்னு சொன்னேன். எனக்கு அன்னிக்கு மனசு நெறஞ்சு போச்சு. அக்காளுக்கு நம்மனால ஆனதைச் செஞ்சுட்டம்னு.

சேத்துட்டு வர்ற அன்னிக்கு புள்ளை திரும்பிக்கூடப் பாக்கல. மடியில புளியங்கொட்டை வெச்சிருந்தா. அக்காதான் வாசக் கேட்டு வரைக்கும் நடக்கறதும் நிக்கறதுமா வந்துது.

மாசம் ஒருக்கா அக்கா போயிப் பாக்கும், நானும் கூடப் போவேன். மொத மாசமே தெரிஞ்சுது. புள்ளை கம்முனு இருந்தா. புதுசா மாத்திரை ஏதோ குடுக்கறாங்க, ராத்திரிக்கு ஒண்ணு காத்தால ஒண்ணு. ஒடம்பு ஊதிப் போச்சு. கொட்டையை அடுக்கறதில்ல, கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா. டம்ளரு கீழ விழுந்தாலும் திரும்பறதில்ல. ஹாரன் அடிச்சாக்கூட இனிக் கத்த மாட்டாளாட்ட இருக்குதுன்னேன், நல்லதுதானேன்னு. அக்கா என்ற மூஞ்சியைப் பாத்துச்சு பாருங்க. எனக்குப் பொக்குனு போச்சு.

அதுக்கப்பறம் வருசம் ஒண்ணு ஓடிப் போச்சு. ஒரு வாரத்துக்கு முந்தி அக்கா கூப்புட்டு விட்டுச்சு. போனேன். ஊடு கம்முனு கெடந்துது. சுவத்துல அந்தச் சேலையெல்லாம் அப்படியே தொங்குது. வெளிய ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். அக்கா அதைக் காதுல வாங்குன மாதிரியே தெரியல.

"நாச்சி, உன்ற மெஷினு சத்தத்தையெல்லாம் புடிச்சு வெக்கும்னு சொன்னியல்ல?"ன்னுச்சு.

"ஆமாக்கா."

"அன்னிக்கு நம்ம வாசல்ல அளந்தியே, அது இன்னும் இருக்குதா?"

"இருக்கும். அஞ்சு வருசத்துக்கு அழிக்க மாட்டாங்க."

"புள்ளை கத்துனதைக் கொஞ்சம் போட்டுக் காட்டறியாடா. அவ போட்டோ இருக்குது, துணிமணி இருக்குது. சத்தம் இல்ல. அங்க போனாலும் ஒரு சத்தம் போடறதில்ல அவ. எனக்குக் காதுல இருந்து அவ சத்தம் போயிட்டே இருக்குதுடா."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ வெளக்கியிருக்கேன். இதையும் வெளக்குனேன். அது வண்டிச் சத்தம் இல்லீங்கக்கா, அதனால அவ கத்தறப்ப எல்லாம் பட்டனை அமுத்தி நிறுத்திட்டேன், மெஷினுக்குள்ள அது போகலேன்னேன்.

அக்காளுக்கு மொதல்ல புரியல. புரிஞ்சதும் கீழ உக்காந்து என்ற கட்டை வெரலையே பாத்துச்சு.

"அப்படியாடா? நீ ஒவ்வொருக்கா அமுத்தறப்பவும் எழுதிக்கறீன்னு நெனச்சனேடா. அவ கத்துனா நீ அமுத்துன. அவ கத்துனா நீ அமுத்துன. என்ற தம்பி ஒண்ணையும் விடாம எழுதிக்கறான்னு நெனச்சேன். அதுக்காகத்தாண்டா அன்னிக்கு அவளுக்குத் துண்டு கட்டாம விட்டேன். ஜன்னலைத் தொறந்து வெச்சேன். ஒரு நாளு கத்தட்டும், மெஷினு கேக்கட்டும், அப்பறம் காலத்துக்கும் நல்லா இருப்பான்னு, கட்டாம விட்டேண்டா."

அவ்வளவுதானுங்க. அதுக்கு மேல திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். எந்திரிச்சுப் போயி எனக்குக் காப்பி வெச்சுக் கொண்டாந்துது. குடிச்சுட்டு வந்தேன். பஸ்சுல ஏறுன பொறவு அழுகை வந்துது. நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை பஸ்சுல உக்காந்து அழுதா யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க. அன்னிக்கு எனக்கு ரெண்டு பேரு சீட்டு.

ஆபீசுக்குப் போயி அந்தப் பதிவைத் தேடி எடுத்தேன். ஒரு மணி நேரம். காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டேன். லாரி, பஸ்சு, லாரி, காரு, ரெண்டு மூணு பைக்கு. அப்படிச் சுத்தமா இருக்குதுங்க. ஒரு ஹாரன் கெடையாது. நம்ம ஊர்ல அப்படி ஒரு ரோடு கெடையவே கெடையாது. ஹாரன் வர்ற எடத்துலயும், புள்ளை கத்தற எடத்துலயும் சின்னதா ஒரு வெட்டு, அவ்வளவுதான். நூத்தி நாப்பத்தி மூணு வெட்டு. ஒவ்வொரு வெட்டையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். மூணு நாளு, மத்தியானச் சோத்து நேரத்துல. மேடம் பாத்துட்டு என்ன பண்றீங்கன்னாங்க. தரம் பாக்கறேன்னேன்.

முப்பத்தேழாவது நிமிசத்துல ஒண்ணு இருக்குதுங்க.

அந்த எடத்துல வெரலு கொஞ்சம் பிந்திப் போச்சு. ஏன்னு தெரியல. வேர்வை கண்ணுல எறங்கியிருக்கலாம், கை மரத்துப் போயிருக்கலாம். முக்கால் செகண்டு. மொதல்ல அவ மூச்சை உள்ளுக்கு இழுக்கறது கேக்குது. அப்பறம் கத்தறதோட தொடக்கம், அந்த நுனி மட்டும். வெட்டிருது. நானு திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன், சந்தேகமே இல்ல. அவளேதான்.

அதை மட்டும் தனியா எடுத்து இந்தப் போனுல ஏத்தியிருக்கேன். ஆபீசுப் பதிவை வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது, அது விதி. எடுத்துட்டேன். அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தாராபுரத்துல ஏறுனதுல இருந்து ரோசனை பண்ணிக்கிட்டு வர்றேன், உங்க தலையையும் தின்னுட்டேன். அக்காளுக்குக் குடுக்கறதுக்கு என்றகிட்ட வேற ஒண்ணும் இல்லீங்ணா. பதினாறு வருசத்துல கண்ணு இமைக்காம அளந்தது அந்த ஒரு ஊடுதான். அதுல ஒரே ஒரு எடத்துல தப்புப் பண்ணியிருக்கேன். அதைத்தான் கொண்டு போறேன்.